மூடியின் உட்பக்கம்

"மூடியைத் துலைச்சுப்போட்டு வந்தால் வீட்டுப் படி ஏறாத எண்டு சொல்லித்தான் அம்மா விட்டவா, தம்பி. மணிக்கூடு துலைஞ்சாலும் பரவாயில்லையாம்."

"மணிக்கூட்டுக்கும் நான் பொறுப்பு, மூடிக்கும் நான் பொறுப்பு. முதல் இருங்கோ அக்கா."

"இருக்கிறன். இந்த இரும்பு மூடியைக் கழட்டிக் கண்ணாடி மூடி போட்டால் உள்ள இருக்கிறவரைப் பாக்கலாம்தானே?"

"உள்ள ஆர் இருக்கிறது?"

"சைக்கிள் ஓடுற ஆள்."

அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். பெயர் சிவதர்சினி என்று முதல் நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கனகராயன்குளத்துப் பக்கம் ஒரு சின்னத் தபாலகத்துக்குப் பொறுப்பானவர். வயது நாற்பது இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து என் மேசையில் வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரித்தார்.

உள்ளே ஒரு சுவிஸ் மணிக்கூடு. சாவி கொடுக்கத் தேவையில்லாத வகை. கை அசைந்தால் தானாக ஓடும். வவுனியாவில் இப்படி ஒன்றை வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் கையில் எடுப்பேன். அவருடைய அப்பா முத்துலிங்கம் குவைத்தில் லொறி ஓடியவர். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் டேப் ரெக்கோர்டரும் கொண்டுவர, அவர் இந்த ஒன்றை மட்டும் கையில் கட்டிக்கொண்டு வந்தாராம். போன வருடம் காலமாகிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டைத்திவசம். அன்றிலிருந்து மணிக்கூட்டை மகள் கட்டப்போகிறார்.

"சின்னனில அப்பா இதை என்ர காதில வைப்பார். உள்ள ஆர் அப்பா எண்டு கேப்பன். ஒரு ஆள் சைக்கிள் ஓடுறார், ஆட்டாத, விழுந்திடுவார் எண்டுவார். அதால நான் இதை ஒருநாளும் ஆட்டினதில்லை. ஆட்டாட்டில் நிண்டு போற மணிக்கூடு எண்டு பிறகுதானே தெரிஞ்சது."

இப்போது இருவரும் சிரித்தோம்.

என் கடை வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்றின் பாதி. இரண்டு வருடமாக என்னிடம் வரும் நல்ல மணிக்கூடுகளில் அநேகமானவை இந்தக் கண்ணாடி மூடிக்காகவே வருகின்றன. கட்டாரிலும் டுபாயிலும் இருந்து லீவில் வரும் பெடியங்கள் உள்ளே சில்லுகள் ஓடுவதைத் தாங்களும் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்பார்கள். மணிக்கூடு செய்த கம்பனி அதைக் கொடுப்பதில்லை. வேறு யாரோ அளவுக்குச் செய்து விற்கிறார்கள். நான் இணையத்தில் எடுத்துப் பூட்டிக் கொடுக்கிறேன். கழற்றிய இரும்பு மூடியை அநேகமானோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய என்னிடம் கிடக்கின்றன.

இந்த மூடியை அப்படி விட்டுவிட முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. அதன் வெளிப்பக்கத்தில் 'சிவனேஸ்வரி' என்று வெட்டியிருந்தது. குவைத்தில் எழுத்து வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது. மனைவியிடமிருந்து வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்த பெயரைக் காட்டி, இதைப் பார்த்து வரை என்று முத்துலிங்கம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் ஒரு படம் வரைவதுபோல, சுழிகளையெல்லாம் அளவுக்கு மீறி வட்டமாக வெட்டியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கை வியர்வை பட்டும் பெயர் அழியவில்லை.

"அம்மாட கையெழுத்து அது" என்றார் சிவதர்சினி. "வடிவில்லை எண்டு அவாவே சொல்லுவா. ஆனால் ஒருத்தரையும் தொட விடமாட்டா."

செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

அவர் போனதும் மூன்று கால் திறப்பைப் பொருத்தி மூடியைச் சுழற்றிக் கழற்றினேன். உள்ளே சுத்தமாக இருந்தது. கையிருப்பில் இருந்த கண்ணாடி மூடி ஒன்றை அளந்து எடுத்துப் பூட்டி, மணிக்கூட்டைக் கையில் பிடித்துச் சரித்தபோது கிர்ர் என்று ஒரு சத்தம். கை அசைய அசையச் சுற்றும் அரைவட்டத் தகடு கண்ணாடியில் உரசியது. பிழை என்னுடையது. மூடியின் அகலத்தையும் புரியையும் அளந்தவன், உட்பக்க ஆழத்தை அளக்க மறந்துவிட்டேன். மெல்லிய கண்ணாடி ஒன்று கொழும்பிலிருந்து வர வேண்டும்.

ஆழத்தை இந்தத் தடவையாவது ஒழுங்காக அளப்போம் என்று பழைய மூடியைத் திருப்பிக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்தேன்.

மணிக்கூடு திருத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை முடிந்து மூடுவதற்கு முன், மூடியின் உட்பக்கத்தில் ஊசி முனையால் மாதத்தையும் வருடத்தையும் தன் அடையாளத்தையும் கீறிவிடுவார்கள். சொந்தக்காரருக்கு அது தெரியாது. அடுத்ததாகத் திறக்கிறவன் மட்டும்தான் பார்ப்பான். இந்த மூடியில் நான்கு கீறல்கள் இருந்தன. ஒன்று அரபு எழுத்தில். ஒன்று 98இல், ஒன்று 2013இல். நடுவில் ஒன்று: 10.90. பக்கத்தில் +4, அதாவது ஒரு நாளைக்கு நான்கு செக்கன் கூட ஓடுகிறது. அதன் கீழே ஒரு 'ம'. கடைசிக் கோட்டைக் கீழே இழுத்துத் தூண்டில்போல வளைத்து, அதற்குள் இரண்டு புள்ளிகள்.

அந்த 'ம'வைப் பார்த்துக்கொண்டுதான் நான் சோறு தின்று வளர்ந்தேன்.

புத்தளத்தில் அகதி முகாமில் பிறந்தவன் நான். அங்கே எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி அலுமினியத் தட்டுகள் கொடுத்திருந்தார்கள். கிணற்றடியில் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொருவரும் அடையாளம் போட்டார்கள். என் வாப்பா மஹ்றூப் ஆணியால் போட்டது இந்த 'ம'. சோறு குறையக் குறைய அது தட்டின் அடியிலிருந்து மெல்ல வெளியே வரும். முதலில் புள்ளிகள், பிறகு தூண்டில். முழு எழுத்தும் தெரிந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

முல்லைத்தீவில் வாப்பாவுக்கு மணிக்கூட்டுக் கடை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது மணிக்கூடு திருத்தும் ஆயுதங்களும் மேசையும் பெயர்ப்பலகையும் அங்கேயே கிடந்துவிட்டன. புத்தளத்தில் அவர் உப்பளத்தில் வேலை செய்தார். எனக்குப் பன்னிரண்டு வயதில் மௌத்தாகும்வரை அவர் ஒரு மணிக்கூட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான் தொழில் பழகியது கொழும்பில், வேறு ஆட்களிடம். உங்கட வாப்பா மணிக்கூட்டு வேலையில நல்ல கைகாரன் என்று இங்கே வயதானவர்கள் சொல்லும்போது தலையாட்டுவேன்; எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. தட்டுகளாவது இருந்திருக்கலாம். திரும்பி வந்து நெளுக்குளத்தில் வீடு எடுத்த வருடம், பழசாகிவிட்டன என்று அவற்றைப் பழைய இரும்பு எடுக்கிறவரின் வண்டியில் நானே தூக்கிப் போட்டேன். அடுத்த நாள் உம்மா, அந்த வண்டி எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனபோது மூடியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன். குசினிக்குள் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைக்க அவருக்குச் சரிவரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதை என்னிடம் தந்துவிட்டு, நான் கீறலை வாசித்துச் சொல்ல, மூடியைப் பெருவிரலால் தடவினார்.

"எங்க எடுத்தாய் மகன்?"

"கடைக்கு வந்த மணிக்கூடு. கனகராயன்குளத்து ஆக்கள்ட."

"முந்தி முல்லைத்தீவில இருந்தவையாக்கும்." மறுபடி தடவினார். "பத்தாம் மாசமெண்டா நாங்க வெளிக்கிட்ட மாசம். அண்டைக்கு நான் ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கொண்டு தனியா மூட்டை கட்டுறன். இந்த மனிசன் திருத்தக் கிடந்த மணிக்கூட்டை எல்லாம் ஒரு பெட்டியில போட்டு, சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு போயிட்டார். எங்க போறீங்க எண்டு கேட்டா, ஆக்கள் நம்பித் தந்த அமானிதம், குடுத்திட்டு வாறன் எண்டார். வெறும் பெட்டியோட வரக்குள்ள இருட்டிப் போச்சு. புத்தளம் போய்ச் சேருற மட்டும் நான் அவரோட கதைக்கேல்ல."

"இப்பவும் கோவமா?"

"பின்ன? அவர் மூட்டையைக் கட்டியிருந்தா என்ட தையல் மெசினையாவது கொண்டு வந்திருப்பம்."

சொல்லிவிட்டு மூடியை முந்தானையால் துடைத்தார். சாப்பிடும்போதும் அது அவருடைய மடியில்தான் இருந்தது. கை கழுவி வந்தபின் கேட்டேன்.

"நாங்க வச்சிருக்கேலுமா உம்மா? அவையளுக்கு உள்ள என்ன கிடக்கு எண்டே தெரியாது."

உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மீண்டும் முகாம் பிள்ளையானேன்.

"வாப்பா கொண்டுபோய்க் குடுத்த சாமானை நீ ஒளிக்கப் போறியா? கொண்டுபோய்க் குடு." வாசல்வரை வந்தார். அங்கே குரலைத் தாழ்த்தி, "கேட்டுப் பார். கேக்கிறது குற்றமில்லை" என்றார்.

செவ்வாய்க்கிழமை சிவதர்சினி வந்தபோது கண்ணாடி மூடி ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தது. உரசல் இல்லை. மணிக்கூட்டைக் கவிழ்த்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அரைவட்டத் தகடு மெதுவாகச் சரிந்து ஒதுங்கியது. அதன் கீழே கம்பிகள் வைத்த பொன்னிறச் சில்லு ஒன்று முன்னுக்கும் பின்னுக்கும் ஆடியது.

அவர் உள்ளங்கையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சில்லு இருக்கு. ஆளைக் காணேல்ல."

"தேத்தண்ணி குடிக்க இறங்கியிருப்பார் அக்கா."

"தபால்காரர் மாதிரி" என்று சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பா சும்மா சொன்னதெண்டு நினைச்சன். உண்மையாவே சைக்கிள் சில்லு."

இரும்பு மூடியை எடுத்து நீட்டினேன். கைலேஞ்சியில் சுற்றப் போனவரிடம், உட்பக்கத்தைப் பாருங்கோ என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாமல் நாங்கள் கீறும் வழக்கத்தைச் சொன்னேன். அவர் ஆர்வத்தோடு குனிந்தார்.

"முத்திரை ஒட்டாத தபால் போல. நான் நாள் முழுக்கத் திகதி குத்திற ஆள், பாருங்கோ." ஒவ்வொன்றாக வாசித்தார். "பதிமூண்டு. தொண்ணூற்றியெட்டு. பத்து, தொண்ணூறு..." அங்கே நின்றார்.

"அது என்ர வாப்பா" என்றேன். "மஹ்றூப். முல்லைத்தீவில கடை வச்சிருந்தவர்."

பூதக்கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்த்தார். எதையோ தேடுவதுபோல இருந்தது.

"எனக்கு அப்ப அஞ்சு வயசு" என்றார். "பொழுதுபடுற நேரம். ஒரு ஆள் படலையடியில சைக்கிளில வந்து நிண்டவர். இறங்கேல்ல. ஒரு கால் நிலத்தில, ஒரு கால் மிதியில. கரியரில பெட்டி கட்டியிருந்தது. உள்ள வாங்கோ எண்டு அப்பா கையைப் பிடிச்சார். நேரமில்லை எண்டு சொல்லி இதைத் தந்திட்டுப் போனவர். அப்பா ரோட்டில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தார். நான் சேர்ட்டைப் பிடிச்சு இழுத்தனான். அப்பதான் குனிஞ்சு முதல் முதல் இதை என்ர காதில வச்சவர்."

சில்லு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாதியில் யாரோ ஒரு தொலைபேசியின் மணியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள்.

"உங்கட உம்மா இருக்கிறாவோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை இதை மடியில வச்சுக்கொண்டு சாப்பிட்டவா."

அவருடைய கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் பேசிய குரல் எனக்கும் கேட்டது.

"ஓம் அம்மா. வடிவா வந்திருக்கு. ஓமோம், ஓடுது." விரல்கள் மூடியின் மேல் மூடிக்கொண்டன. "பத்திரமா இருக்கு. என்ர கையிலதான் இருக்கு. வாறன், வையுங்கோ."

தொலைபேசியை வைத்தார். பெயர் உள்ள பக்கம் அவருடைய உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாப்பாவின் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்பது குற்றமில்லை என்று உம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட அம்மாட பேர் அதில இருக்கு, எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்கிறன். அந்த மூடியை எங்கட உம்மாக்குத் தருவீங்களோ?"