ஒரு கீற்றுப் பச்சை

பனி விலக விலக மலை மேலிருந்து கீழாகத் துலங்குகிறது, முதலில் யூகலிப்டஸ் மரங்கள், பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் படிவயல்கள், பூண்டுத் தாளின் இளம்பச்சை, உருளைக்கிழங்கின் கரும்பச்சை, அப்போதுதான் கொத்திப்போட்ட செம்மண், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை அழுத்துகிறேன், இது பல வருடத்துக்கு முந்தைய காலை, கனவிலும் இதே காலைதான் வருகிறது, கண் விழித்தால் அந்த மலை இல்லை, எங்கள் ஊர்ச் சரிவை ஒரு கம்பெனி துண்டு துண்டாக வாங்கி, உச்சியில் சொகுசு விடுதி கட்டி, மற்ற வயலையெல்லாம் களை மண்டவிட்டுவிட்டது, அண்ணனும் விற்றான், வேண்டாம்ணே என்றேன், படம் எடுக்குறவ நீ பேசுவ, காட்டுப்பன்னி கெளறிப் போட்ட வெள்ளாமையப் பாத்து ஒக்காந்து அழுதவன் நான்ல என்றான். விற்காமல் நின்றது விருமாயி அக்கா மட்டும், புருஷன் செத்தபிறகும் தனியாளாகப் பூண்டு போடுகிறவள், சரிவின் நடுவே அவள் துண்டு, சுற்றிலும் காய்ந்த களையின் பழுப்பு.

விடுதி மேலாளர் சந்திரமௌலி என்னைத் தேடி வந்தார், அந்தப் பழைய படம் வரவேற்பறைச் சுவர் முழுக்க வேணும் மேடம், ஜன்னலத் தொறந்தா ஒரே காஞ்ச காடாத் தெரியுது, வர்றவங்க பச்சையத்தான கேக்குறாங்க என்றார், அழித்ததையே அலங்காரமாகக் கேட்கிறார் இந்த மனுஷன், நான் சிரித்தேனா, முறைத்தேனா, நினைவில்லை, அது கிடையாது, வேணும்னா இது இருக்கு என்று இந்த வருடம் எடுத்ததை நீட்டினேன், முழுச் சரிவும் பழுப்பு, நடுவில் ஒரு கீற்றுப் பச்சை, அதற்குள் குனிந்திருக்கும் விருமாயி அக்கா. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பழுப்பக் கம்ப்யூட்டர்ல பச்சையாக்கிரலாம்ல என்றார், வெதச்சா ஆயிரும் சார் என்றேன்.

அந்தப் படத்தைத்தான் ஆளுயரத்துக்கு அச்சடித்து, விடுதி வாசலுக்கு எதிரே ஆரோக்கியத்தின் டீக்கடைச் சுவரில் மாட்டினேன், கார்கள் நிற்கின்றன, அது ஏன் அந்த எடம் மட்டும் பச்சையா இருக்கு என்று கேட்கிறார்கள், ஆரோக்கியம் டீயை ஆற்றிக்கொண்டே கதையைச் சொல்கிறான், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சந்திரமௌலி வந்து கழட்டச் சொன்னபோது, பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த விருமாயி அக்கா எழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை, படத்தக் கழட்டிருவீக தம்பி, வெள்ளாமைய எப்பிடிக் கழட்டுவீக என்றாள், அவர் சாலையைக் கடந்து போய்விட்டார், படம் சுவரிலேயே இருக்கிறது. சாயங்காலம் அண்ணன் வந்தான், பழுப்பின் ஒரு மூலையை விரலால் தடவி, இது நம்மது என்றான், ஆமாண்ணே என்றேன், பெஞ்சிலிருந்த விருமாயி அக்கா பக்கம் திரும்பி, அக்கா, பூண்டு பிடுங்க ஆள் வேணுமா என்று கேட்டான். ஆளு வேணாம்டா, விருமாயி அக்கா தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், அடுத்த வெதப்புக்குப் பங்குக்கு வா.