நாணல் பாத்தியும் வெள்ளை விரிப்பும்

ஏரியை ஒட்டி ஒரு விடுதி இருந்தது, கண்ணுகளா. ஏரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுப்பதில்லை என்று சபதம் போட்ட விடுதி. மழையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஒரு முறை குளித்த தண்ணீரை அப்படியே ஓட விட மாட்டார்கள். பகலில் எங்கேயாவது ஒரு விளக்கு எரிந்தால் முதலாளியம்மாவுக்குப் பொறுக்காது, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் அணைப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு லைட்டம்மா என்று பெயர்.

அங்கே இரண்டு ஓர்ப்படிகள் வேலை பார்த்தார்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். பெரியவளுக்குச் சலவை. சின்னவளுக்கு நாணல் பாத்தி.

நாணல் பாத்தி என்றால் வேறொன்றும் இல்லை. சமையலறை, குளியலறை, சலவைக்கூடம் எல்லாவற்றின் அழுக்குத் தண்ணீரும் வந்து சேரும் ஒரு நீளப் பள்ளம். பள்ளம் நிறையச் சரளைக்கல். கல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருந்து அழுக்கைத் தின்னும். மேலே ஆளுயரத்துக்கு நாணல். இந்தப் பக்கம் நுரையோடு நுழைகிற தண்ணீர் அந்தப் பக்கம் தெளிந்து ஒரு குட்டையில் போய் விழும். தோட்டத்துக்கு அந்தத் தண்ணீர்தான். பெரியவள் துணிகளுக்கு முதல் அலசலும் அதில்தான்.

சின்னவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள். "என் கொழுந்தன் பொண்டாட்டிங்க. சூதுவாது தெரியாது. ஏதாவது ஒரு மூலையில போடுங்க" என்று லைட்டம்மாவிடம் கெஞ்சினாள். அப்போது காலியாக இருந்த மூலை நாணல் பாத்தி. யாருக்குத் தெரியும், கொஞ்ச நாளில் கூட்டமெல்லாம் அந்த மூலைக்குத்தான் போகும் என்று!

விடுதிக்கு வருகிறவர்கள் காலைச் சாப்பாடு முடித்ததும் பின்பக்கம் ஒரு சுற்று வருவார்கள். சின்னவள் முன்னால் நடப்பாள். குட்டைத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, "இது நேத்து நீங்க குளிச்ச தண்ணி" என்பாள். கூட்டம் ஐயே என்று அலறும், சிரிக்கும், கை தட்டும். அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் சலவைக்கூடத்து வழியாகத் திரும்பும். "இவங்க எங்க அக்கா. சலவை" என்பாள் சின்னவள். பெரியவள் நிமிர்ந்து ஈரக்கையைத் துடைத்துக்கொள்வதற்குள் கூட்டம் கடைசித் தூணைத் தாண்டியிருக்கும்.

பெரியவள் தன் புருஷனிடம் சொல்லிக் குறைப்பட்டாள். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே, நமக்கும் பெருமைதானே" என்றான் அந்த மகராசன். பெரியவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விடுதியில் கொடுக்கிற சோப்பு வாசனையும் இல்லாத, காரமும் இல்லாத சோப்பு. கிருமிகள் செத்துவிடக் கூடாதே, அதற்காக. அதில் எவ்வளவு தேய்த்தாலும் விரிப்பில் ஒரு பழுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விருந்தாளி ஒருத்தி தலையணை உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது துவைச்சதா, இனிமேதான் துவைக்கணுமா?" என்று கேட்டாள். பெரியவள் அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போனாள். மறுநாள் துணிக்கு மாட்டுகிற கிளிப்புகள் இருந்த பைக்குள் ஒளிந்துகொண்டு வந்தது பிளீச்சிங் பவுடர்.

விடுதியில் அது வரவே கூடாத பொருள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். சின்னவள் கூட்டத்தோடு போகிற நேரம் பார்த்துத்தான் வாளியில் கலக்குவாள். ஒரு நாள் சின்னவள் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னக்கா ஒரு வாடை?"

"வெயில் வாடைடி. போய் உன் வேலையைப் பாரு."

விரிப்புகள் வெளுத்தன. கொடியில் காயும்போது கண் கூசியது. வந்தவர்களெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் லைட்டம்மாவே சலவைக்கூடத்துக்கு வந்தார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, "அடேயப்பா, என்ன வெள்ளை!" என்றார். பெரியவள் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

"பார்த்தியா, உன் ஓர்ப்படி தண்ணியோட மகிமையை! அவ தெளிய வைக்கிற தண்ணியில அலசித்தான் இந்த வெள்ளை. அவ கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

எடுத்த வாய் அப்படியே நின்றது.

அன்று முதல் காலைச் சுற்றில் இதுவும் சேர்ந்துகொண்டது. சின்னவள் விரிப்பைத் தடவிக் காட்டி, "இந்த வெளுப்பு எங்க நாணல் குடுத்தது" என்பாள். அவள் மனதார நம்பினாள், அதுதான் கொடுமை. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாளியில் இன்னும் ஒரு கைப்பிடி போட்டாள். வெறும் தண்ணீர் இவ்வளவு வெளுக்குமா என்று ஒரு ஆளுக்காவது சந்தேகம் வரட்டும் என்பது அவள் கணக்கு. வெள்ளை ஏறியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சின்னவள் புகழ்தான் கூட ஏறியது.

அப்புறம் நாணலின் நுனி மஞ்சளாயிற்று. மஞ்சள் கீழே இறங்கித் தண்டு வரைக்கும் வந்தது. கல்லிலிருந்து அழுகல் நாற்றம் கிளம்பியது. குட்டைத் தண்ணீர் கலங்கிச் சாம்பல் நிறமாயிற்று. தவளைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. சின்னவள் முழங்கால் அளவு சேற்றில் நின்று கல்லை மாற்றினாள், வேரைக் கழுவினாள், செத்ததைப் பிடுங்கிவிட்டுப் புதிது நட்டாள். நட்டதும் செத்தது.

லைட்டம்மா கொஞ்ச நாள் பார்த்தார். "இந்தத் தண்ணி ஏரிக்குள்ள கசிஞ்சா என் மானம் போயிடும். பாத்தியை மூடிட்டு, தண்ணி சுத்தம் பண்ற மெஷின் வெச்சிடலாம். அதைப் பார்த்துக்க கம்பெனிக்காரங்களே ஒரு ஆள் அனுப்புவாங்க. உனக்கு வேற எங்கயாவது சொல்லிப் பார்க்கிறேன்மா" என்றார். வேறெங்கேயாவது என்றால் எங்கேயும் இல்லை என்று அர்த்தம். சின்னவளுக்கு அது புரிந்தது.

கொடிக்குப் பின்னால் நின்று கேட்ட பெரியவளுக்கு நெஞ்சில் தேன் இறங்கியது. பொய் சொல்வானேன், இறங்கியது. ஆனால் அந்தத் தேன் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. சமையல்காரர் சின்னவளுக்குச் சூடாகப் பால் அனுப்பினார். விருந்தாளிகள் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் புருஷன், "பாவம், சின்னவ முகமே வாடிப்போச்சு. அவளுக்கு ரெண்டு கரண்டி கூடப் போடு" என்றான். பாத்தி பிழைத்திருந்தபோதும் அவளுக்குத்தான் கூட்டம், செத்த பிறகும் அவளுக்குத்தானா? கண்ணுகளா, அடுத்தவள் வாங்குகிற பரிதாபத்தின்மேல்கூடப் பொறாமை வரும்.

மெஷின்காரர் அளவெடுக்க வந்தார். பாத்தியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். பெரியவள் தோளில் பிழியாத விரிப்போடு பின்னால் நின்றாள். லைட்டம்மா, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எனக்கென்னங்க, நான் எப்படியாவது பொழைச்சுக்குவேன். அக்காவை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. என் தண்ணி நின்னுட்டா அவங்க துணி பழையபடி பழுப்பாயிடும். பாவம், இப்பதான் நாலு பேரு நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

பெரியவளுக்குள் ஏதோ அறுந்தது.

"உன் தண்ணியா? உன் தண்ணியாலயாடி வெளுத்துச்சு? பிளீச்சிங் பவுடர்டி! நான் வாங்கி, நான் கலக்கி, என் கை தோலுரிஞ்சு வெளுத்தது! பாரு!"

இரண்டு கையையும் நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து சிவந்திருந்தது. அதற்கப்புறம்தான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மெஷின்காரர் அளவு நாடாவை மெதுவாகச் சுருட்டினார்.

சின்னவள் கேட்டாள். "எவ்வளவுக்கா போட்டீங்க?"

"ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடிக்கா இது சாகும்?"

"முதல்ல ஒரு கைப்பிடி. அப்புறம் கூடக் கூட. கடைசியில குவளையால மொண்டு போட்டேன்."

"நான் கல்லு கல்லா கழுவினேனே. என் கைதான் ராசியில்லைன்னு உங்க மடியிலயே படுத்து அழுதேனே. தலையைத் தடவிக் குடுத்தீங்களே!"

"குடுத்தேன்."

"ஏன்க்கா?"

"வயிறெரிஞ்சுதுடி."

லைட்டம்மா முகம் கறுத்தது. "நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். சின்னவள் குறுக்கே விழுந்தாள். அன்பால் என்று நினைத்துவிடாதீர்கள்.

"அதெல்லாம் முடியாதுங்க. இவங்க வீட்டுல ஜம்முனு உட்கார்ந்திருக்க, செத்த நாணலை எல்லாம் நான் மட்டும் அள்ளவா? அந்தப் பவுடர் நின்னா பாத்தி பொழைச்சுக்கும், ஓரத்துல வேர் இன்னும் உசிரோட இருக்கு. இவங்க வரட்டும். வந்து அள்ளட்டும்."

அள்ளினாள். துவைத்து முடித்த கையோடு பாத்தியில் இறங்கி, அழுகிய தண்டுகளைக் கூடை கூடையாகச் சுமந்தாள். விரிப்புகள் பழுப்புக்குத் திரும்பின. பழுப்பு ஏன் என்று கேட்ட விருந்தாளிகளுக்கு அவளே பதில் சொல்ல வேண்டியிருந்தது. சின்னவள் வேலை சொல்வதற்கு மட்டும் வாய் திறந்தாள். வீட்டிலும் அப்படித்தான். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

மழை வந்து போன பிறகு கல்லுக்கிடையில் பச்சை ஊசி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. காலைச் சுற்று மறுபடி தொடங்கியது. முதல் கூட்டத்தில் வந்த ஒருவர் சின்னவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "செத்ததைப் பொழைக்க வெச்சுட்டீங்களே!" என்றார். கூட்டம் கை தட்டியது. பெரியவள் பாத்திக்குள் சேறும் வாளியுமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் நகர்ந்ததும் அவள் சொன்னாள். "அடியே, இப்பவும் எரியுதுடி."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது.

"எரியட்டும். அதை என்கிட்டச் சொல்லுங்க, வாளிகிட்டச் சொல்லாதீங்க. இப்ப அந்த ஓரத்தைப் பிடிங்க, கல்லு சரியுது."

பெரியவள் பிடித்தாள். முகத்தை மட்டும் உர்ரென்றே வைத்துக்கொண்டாள்.