அவள் வாயை மூடினால்

சைக்கிள் பந்தயத்துக்கு முந்தைய நாள் எல்லா அணிகளும் வந்து, கடைசி ஏற்றத்தை ஒருமுறை ஏறிப் பார்ப்பது வழக்கம். எங்கள் ஊரில் அந்த ஏற்றத்துக்குப் பெயரே சுவர்தான். அதன் நடுவில் உள்ள வளைவில் கார்கள்கூட முதல் கியரில் முனகும். நானும் தங்கை லுடிவினும் பள்ளிக்கூடப் பையோடு ஏறிய தெரு அது. இன்று அவள் ஒரு சின்ன அணியின் முழு நம்பிக்கை. நான் ஒரு பெரிய அணியில் பாட்டில் சுமப்பவள். எங்கள் தலைவி மிரெல்லாவுக்கு நாள் முழுக்க முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்துக்கொடுத்து, சுவரின் அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டால் என் வேலை முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் இரண்டு அணிகளும் அடிவாரத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன. லுடிவின் என் பக்கத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, இப்பவே மூச்சு வாங்குது? வயசாயிடுச்சா?"

"முப்பத்திரண்டுதான்டி. உனக்கும் வரும்."

"வர்றதுக்குள்ள நான் மேல போய்ச் சேர்ந்திருப்பேன்."

வளைவு வந்தது. எல்லோரும் மீன்களைப்போல வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். லுடிவின் மட்டும் வாயை மூடினாள். அடுத்த நொடி எங்களைவிட்டு ஐந்து சைக்கிள் தூரம் முன்னால் போயிருந்தாள்.

"இவ எப்போ கிளம்பினா? தோள்கூட அசையலையே!" என்றாள் மிரெல்லா, பின்னாலிருந்து.

எனக்குத் தெரிந்திருந்தது. லுடிவினுக்கு நான்கு வயதிருக்கும்போதே தெரியும். அம்மா ஆற்றங்கரைச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்பார். நான் இவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "கத்திக்கிட்டு இருக்கற வரைக்கும் பயமில்ல, பெரின். வாயை மூடிட்டாள்னா ஓடப்போறாள்னு அர்த்தம். உடனே கையைப் பிடிச்சுக்கோ" என்பார் அம்மா. ஆற்றை நோக்கியோ, லாரி வரும் சாலையை நோக்கியோ அவள் பாயும் முன்னால் எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு விடுதிச் சாப்பாட்டறையில் கூட்டம். எங்கள் அணியை நடத்தும் ஹில்டே திரையில் பழைய பந்தயங்களை ஓட்டிக் காட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். திரையில் என் தங்கை.

"இந்தப் பொண்ணு கிளம்பறது யாருக்குமே தெரியல. தெரியறதுக்குள்ள போயிடறா." என் பக்கம் திரும்பினாள். "உன் தங்கச்சிதானே? உனக்குத் தெரியாம இருக்குமா?"

என் ஒப்பந்தம் இலையுதிர் காலத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் பற்றி ஹில்டே இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு முகங்கள் என்னையே பார்த்தன.

"வாயை மூடுவா," என்றேன். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நொடி."

ஹில்டே படத்தைப் பின்னால் ஓட்டி, லுடிவினின் வாயைப் பார்த்தாள். மூடியது. இன்னொரு பந்தயம். மூடியது. மிரெல்லா மேசையைத் தட்டிச் சிரித்தாள். ஹில்டே என் தோளில் கை வைத்து, "இதுக்குத்தான் உன்ன மாதிரி ஆள் வேணுங்கறது" என்றாள். குளிர்காலம் முழுக்க நான் காத்திருந்த வார்த்தை அது.

மறுநாள் காலையில் சோறு இறங்கவில்லை. பந்தயம் தொடங்கும் இடத்தில், கையெழுத்துப் போடும் மேடைக்குப் பின்னால், லுடிவின் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா அரிசி டார்ட் சுட்டு எடுத்துட்டு வர்றாங்க. ஜெயிக்கறவளுக்குப் பெரிய துண்டாம். உனக்கு ஓரத்து ஓடுதான்!"

அதற்குமேல் தாங்க முடியவில்லை. கூட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல்.

அவள் கைகள் என் கழுத்திலிருந்து இறங்கின.

"அம்மா அதை உன்கிட்ட சொன்னது என்னைப் பிடிச்சுக்கறதுக்குத்தானே அக்கா?"

"லுடி..."

"சரி, நேத்தே அவங்ககிட்ட சொல்லிட்ட. இப்போ எதுக்கு என்கிட்ட சொல்ற?"

எங்களை வரிசைக்கு அழைத்தார்கள்.

அன்று என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மிரெல்லாவைச் சுவரின் அடிவாரத்தில் ஐந்தாவது இடத்தில் விட்டுவிட்டுக் கால் ஓய்ந்து பின்தங்கினேன். காதிலிருந்த கருவியில் ஹில்டேயின் குரல் மட்டும் கேட்டது.

"மிரெல்லா, அவ வாயைப் பாரு. மூடல... மூடல... மூடிட்டா! போ, போ, போ!"

அப்புறம் அவளுடைய ஃபிளெமிஷ் மொழியில் பச்சைப் பச்சையாக ஒரு வசவு.

தெருவின் இருபுறமும் ஊர்க்காரர்கள் பீர் கோப்பையோடு "பெரின்! பெரின்!" என்று கத்தினார்கள். தலையைத் தூக்காமலே ஏறினேன்.

உச்சியில் ஹில்டே காத்திருந்தாள். மிரெல்லா தனியாகப் பாய்ந்து, முடிவுக்கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் சக்தி செத்துப்போய் ஒன்பதாவதாக வந்திருந்தாள். ஒரு டச்சுக்காரி ஜெயித்துவிட்டாள். லுடிவின் நான்காவது.

"உன் தங்கச்சி வாயை மூடினா. ஆனா போகல. அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் கத்தவில்லை. "மிரெல்லாகிட்ட நீயே போய்ச் சொல்லிடு," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டாள். மிரெல்லாவிடம் சொன்னேன். அவள் தண்ணீரைக் குடித்து முடித்து, காலிப் பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

லுடிவின் தடுப்புக் கம்பியில் சாய்ந்திருந்தாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு கொஞ்சம் தள்ளி டார்ட்டை வெட்டக் கத்தி தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லா நடிச்ச," என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நடிக்கலக்கா. போகத்தான் மூடினேன். மூடினதும் ஞாபகம் வந்துச்சு, யாரோ என் வாயைப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு. ஒரு நொடி கால் நின்னுபோச்சு. அவ்வளவுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா மிரெல்லா என் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வந்திருப்பா. வந்தா என்ன? ஒரு கை பாத்திருப்பேன். உன் மனசு லேசாகணும்னு அதைத் தூக்கி என் தலையில வெச்சுட்ட."

உண்மை. இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் எனக்காகவே.

இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், வாயை மூடினாள்.

அவள் திரும்பும் முன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கையுறை வியர்வையில் ஊறியிருந்தது.

"விடுக்கா."

விடவில்லை. அவள் இழுத்துக்கொள்ளவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

அம்மா கத்தியோடு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாருங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரியிடம், "அன்னிக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்னும் தங்கச்சி கையை விடமாட்டேங்கறா."