பிறையன் எடுத்துக் கொடுத்த மூன்று நாட்கள்

இத்தாலியில் வேலை செய்த பிறையன், அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்காக, தெல்தெனியாவுக்கு மேலே ஒரு கிராமத்தில் மூன்று நாள் தங்க இடம் எடுத்துக் கொடுத்திருந்தான். அது ஜனவரியில். பெப்ரவரியில் வேலைக்குப் போகும் வழியில் அவனுடைய ஸ்கூட்டரை லொறியொன்று மோதியது. வத்தேகம வீட்டுக்கு அவனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

"இப்ப எதுக்கு இந்தப் பயணம்? வரலன்னு சொல்லிருவோம்" என்றார் அப்பா பற்றிக்.

"புள்ள ஆசையா எடுத்துக் குடுத்தது. நான் போகத்தான் போறேன்" என்றாள் சுவர்ணா.

ஏப்ரலில் போனார்கள். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் அசையாமல் கிடந்தது. எதிரே மலைகள் பாதிக்குமேல் முகிலுக்குள். அங்கிருந்த அமைதியே பற்றிக்கின் காதை அடைப்பதுபோல் இருந்தது.

விடுதிக்காரி சீதா சிங்களப் பெண். கண்டிக் கடையொன்றில் வேலை செய்தபோது பழகிய தமிழில் "வாங்க, வாங்க" என்று வரவேற்று, இரண்டு சாவிகளை நீட்டினாள்.

"ரெண்டு எதுக்கு தங்கச்சி? நாங்க ரெண்டு பேருதானே" என்றார் பற்றிக்.

சீதா சிரித்தாள். "மத்தது மகனுக்கு. அவர் வாறதை உங்களுக்குச் சொல்ல வேணாம்னு சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தமாம், கீழ் அறையை அவங்களுக்குக் குடுக்கச் சொன்னார். இன்னும் வரல்லையா?"

பற்றிக் அந்தச் சாவியைப் பார்த்தார். "அவன் இல்லம்மா. ரெண்டு மாசம் ஆகுது."

சீதா கையைப் பின்னால் இழுத்தாள். "அந்தச் சாவியையும் குடுங்க" என்று சுவர்ணா வாங்கிக்கொண்டாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறினாள். ஒற்றைக் கட்டில், வெள்ளை விரிப்பு, மடித்துவைத்த துவாய். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"லீவு கெடைக்காதும்மான்னு எவ்வளவு சோகமா சொன்னான் பாருங்க. கள்ளன்" என்று சிரித்தவள், அப்படியே அழத் தொடங்கினாள். அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை.

பற்றிக் வாசலிலேயே நின்றார். "கடைசியா பேசினப்ப நான் அவனை ஏசிட்டேன், சுவர்ணா. லீவு இல்லைன்னா அங்கேயே கெடன்னு சொல்லி போனை வச்சேன். ஒன்கிட்ட சொல்லல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் சிரிச்சிருப்பான். தான் வரப்போறது அவனுக்குத்தான் தெரியுமே."

அதை நம்பலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்று நாளும் இருந்தார்கள். காலையில் தண்ணீர்க்கரைவரை மெல்ல நடந்தார்கள். சீதா எதுவும் கேட்காமல் சோறும் பலாக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தாள். கல்யாண நாளன்று சுவர்ணா நல்ல சேலையை உடுத்திக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பற்றிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தார். சுவர்ணா அவரைத் தடுக்கவில்லை. வத்தேகம வரும்வரை அவர் கையைப் பிடித்திருந்தாள்.