ஜாய்காவின் சம்மதம்

பிரேயஸ் துறைமுகத்தில் பூண்டு விற்கிறவள் நான். என் பக்கத்து வீட்டுக்காரர் நிகான், கப்பல் கயிறு வியாபாரி. ஒரு மாதம் ஏதென்ஸில் தங்கி அறிஞர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெயருக்கும் பொருளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எல்லோரும் சம்மதித்தால் எதற்கும் எந்தப் பெயரும் வைக்கலாம் என்பார். அதை நிரூபிக்க, வீட்டிலிருந்த, வடக்கே திரேசிய நாட்டிலிருந்து வந்த அடிமைப் பெண்ணின் பெயரை மாற்றத் தொடங்கினார். முதலில் மெலித்தா, அதாவது தேனீ; பிறகு நண்டு, கடைசியில் பாய்மரம்.

அவருடைய நண்பர் ஆர்கிப்போஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

"பேரு பொருளோடவே பொறக்குதுய்யா. தேன்னு சொல்லிப் பாரு, வாய் இனிக்கல?"

"பசிக்குது. இனிக்கல."

கடைசியில் ஆளுக்கொரு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டு, எதற்குத் திரும்புகிறாள் என்று பரீட்சை செய்வதென்று முடிவாயிற்று. ஆர்கிப்போஸ் என் பூண்டுக் கூடைக்குப் பக்கத்தில் குனிந்து, "அந்தப் பொண்ணுக்கு ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டார். ஒருநாள் துணி துவைக்கும்போது அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் ஊற்றடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். நிகான் தூரத்திலிருந்து, "பாய்மரம்!" என்று கத்தினார். இரண்டு மாலுமிகள் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் அசையவில்லை.

ஆர்கிப்போஸ் மெல்லத்தான் கூப்பிட்டார். "ஜாய்கா!"

அவள் சட்டென்று திரும்பினாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவள் பார்க்கவே இல்லை.

"பாத்தியா! பொறப்போட வந்த பேரு!" என்று குதித்தார் ஆர்கிப்போஸ்.

"போடா! அவளும் அவ அம்மாவும் சம்மதிச்ச பேரு. ஜெயிச்சது நான்!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தாள்.

"சம்மதம் சம்மதம்னு சொல்றீங்களே ஐயா, பாய்மரத்துக்கு யாரு சம்மதிச்சா? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஊற்றடியே சிரித்தது. நிகானுக்கு அறிஞர்கள் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை போலும். காது மடல் சிவக்க, "கேக்கல, தப்புதான்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"சாக்கா."

"இல்லீங்க. ஜாய்கா."

"சாய்கா."

"நாக்கைக் கடிக்காம சொல்லுங்க ஐயா. எனக்கு அவசரமில்ல."

நான் சிரித்த சிரிப்பில் பூண்டெல்லாம் தெருவில் உருண்டது.