விட்டுவைத்த மூச்சு

பெட்டியின் அளவைச் சோதிக்கும் இரும்புக் கூண்டுக்குள் பாப்பாவின் பெட்டி சமர்த்தாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. கவுன்டர் பெண் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்காரியைப் பார்த்தாள். ஆட்களுக்கும் இப்படி ஒரு கூண்டு வைத்துத் தொலைத்திருக்கலாம் என்றது அந்தப் பார்வை.

"மேடம், ஒரு சீட்தான் போட்டிருக்கீங்களா?"

"நான் போடலங்க. உங்க கம்பெனிதான் போட்டுக் குடுத்தது."

"இல்ல, பக்கத்துல உக்கார்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுல்ல. ரெண்டு கைப்பிடியும் கீழ இறங்கணும். இறங்கலைன்னா ஃபிளைட்ல விட மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு பெண் குரல் தேனாக ஒழுகியது: "எங்கள் வானத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு." கவுன்டர் பெண் பழக்கதோஷத்தில் புன்னகைத்தாள். பாப்பா அண்ணாந்து பார்த்தாள். அது அவளுடைய குரல்தான்.

வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் வைத்த செல்லப்பெயர் பாப்பா. நாற்பத்திரண்டு வயதிலும், வீட்டின் எந்த நாற்காலியும் அவளைக் கண்டு முனகும் நிலையிலும், அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் ஜன்னலுக்கும் தனித்தனியே காசு வாங்கும் இந்த மலிவு விலை விமானக் கம்பெனியின் எல்லா அறிவிப்புகளும் அவள் குரலில்தான் வந்தன. ஆனால் அவள் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. துணி அலமாரி இருக்கும் சின்ன அறையில், சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்து பேசி அனுப்புவாள். அதைச் சீர்செய்கிறவர் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், வேறொரு நகரத்தில் இருந்தார். எடிட்டர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போனில் கேட்ட குரல் ஒன்றுதான்.

அவருடைய முக்கியமான வேலை, மூச்சை வெட்டுவது. வாக்கியங்களுக்கு நடுவே அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தைத் தேடித் தேடி நறுக்கி எடுத்துவிடுவார். அறிவிப்பில் மனித வாடையே வரக் கூடாது என்பது மேனேஜரின் கொள்கை. குரல் தெய்வீகமாக இருக்க வேண்டுமாம். தெய்வங்கள் மூச்சு விடுவதில்லை என்று மேனேஜருக்கு யார் சொன்னார்களோ.

ஒருநாள் வேலை முடிந்து போனை வைக்கும்போது எடிட்டர் சொன்னார்: "உங்க மூச்செல்லாம் நான் தூக்கிப் போடல மேடம். தனியா சேத்து வச்சிருக்கேன்."

"அத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணல. இருக்கட்டுமேன்னுதான்."

அன்று பாப்பா வெகுநேரம் போர்வைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியதைக் கேட்டவர்கள் ஏராளம். பேச்செல்லாம் போன பிறகு மிஞ்சியதை ஒருவர் எடுத்து வைத்திருக்கிறார். மூச்சு விடுவதே ஒரு கடிதம் எழுதுவதுபோல ஆகிவிட்டது அவளுக்கு. தொண்டையைச் செருமக்கூட வெட்கமாக இருந்தது.

போன மாதம் கம்பெனி அவளை நேரில் வந்து பேசிக்கொடுக்கச் சொல்லி டிக்கெட் அனுப்பியது. குரலுக்குத்தான் டிக்கெட், உடம்பும் கூடவே வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எடிட்டர் கூப்பிட்டார். "விமானத்துக்குள்ள போடுற அறிவிப்புல ஒண்ணே ஒண்ணு வெட்டாம விட்டிருக்கேன். மேனேஜர் காதுக்கு எட்டாது. எங்கன்னு சொல்ல மாட்டேன், ஏறி வந்து கேளுங்க."

"ஒரு போட்டோவாவது அனுப்பித் தொலைச்சியாடி?" என்று கேட்டாள் அக்கா.

"அவர் கேக்கல."

"கேக்காத ஆம்பளைய நம்பவே கூடாது. மனசுக்குள்ள ஏதாவது சிலை செதுக்கி வச்சிருப்பான்."

சொன்னாளே தவிர, கைப்பிடி வைத்த நாற்காலியைக் கூடத்தில் போட்டு ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தவளும் அக்காதான். பாப்பா எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அக்கா அதைப் பிடித்து இழுத்தபடியே, "ஃபிளைட் சீட்ட தரையோட முடுக்கியிருப்பான், பயப்படாத," என்றாள்.

விமானத்தில் கிடைத்தது நடு இருக்கை. ஜன்னலோரம் யாரோ முகத்தைத் துணியால் மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். நடைபாதைப் பக்கம் டை கட்டிய ஒருவர். பாப்பா வருவதைப் பார்த்ததும் தன் சொத்தில் பாதி போனதுபோல முழங்கையைச் சுருக்கிக்கொண்டார். அவள் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் தானே அழுத்தி இறக்கினாள். தொடைச் சதையைக் கவ்விக்கொண்டு அவை இறங்கின. நாளைக்குக் கன்றிப்போகும், போகட்டும். அந்த ஒரு மூச்சைக் கேட்காமல் இறங்குவதாக இல்லை.

பெல்ட் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எக்கி, மறுபடி முயன்றாள். இரண்டு விரல்கடை பாக்கி நின்றது. பணிப்பெண்ணை அழைத்து, ஒத்திகை பார்த்திருந்த குரலில் மெல்லக் கேட்டாள். பணிப்பெண் முன்பக்கம் நின்ற மூத்த பணிப்பெண்ணைப் பார்த்து, "அக்கா, பெரிய பெல்ட் ஒண்ணு!" என்று கூவினாள். ஆரஞ்சு நிறத்தில் அது கைமாறிக் கைமாறி, எல்லா வரிசையிலும் தரிசனம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தது.

"காலைல வாக்கிங் போறதுண்டா?" என்றார் டைக்காரர். அவளைப் பார்த்துச் சொல்வதற்காகவே பிறவி எடுத்தவர்போல, சர்க்கரையை விட்டது, சுடுதண்ணீர் குடிப்பது என்று தன் வரலாற்றை ஆரம்பித்தார். நல்லவேளை, அறிவிப்பு வந்தது. "வணக்கம். எங்கள் விமானத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்."

"பாருங்க, குரல்னா இது! கொடி மாதிரி இருப்பா அந்தப் பொண்ணு. குரல வச்சே சொல்லிடலாம்."

"கொடி இல்ல சார், மரம்," என்றாள் பாப்பா. "கொஞ்சம் பேசாம இருங்க. நான் கேக்கணும்."

கதவுகள், விளக்குகள், ஆக்சிஜன் முகமூடி. எல்லாம் வழவழவென்று போயின. ஒரு மூச்சும் இல்லை. எடிட்டர் கேலிக்குச் சொல்லியிருப்பாரோ? பிறகு வந்தது: "இருக்கைப் பட்டையை இடுப்பின்மேல் தாழ்வாக..."

அங்கே இருந்தது.

பூப்போல ஒரு மூச்சை விட்டுவைத்திருப்பார் என்று நினைத்திருந்தாள். இது அதல்ல. ஒருநாள் அவர் கூப்பிடுகிறார் என்று கடைத்தெருவிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, மாடிப்படி ஏறி, போர்வைகளை விலக்கி உட்கார்ந்து பேசியபோது பதிவானது. நெஞ்சுக்கூடு முழுவதும் ஏறி இறங்கிய மூச்சு. எடை உள்ள மூச்சு. அது விமானம் முழுக்கப் பரவி அடங்கியதும் குரல் முடித்தது: "இறுக்கமாக அணிந்துகொள்ளுங்கள்." டைக்காரர் ஒன்றையும் கவனிக்காமல் கொட்டாவி விட்டார். பாப்பா ஆரஞ்சுப் பட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஒரு சிலையைச் செதுக்கியவர் இந்த மூச்சையா தேர்ந்தெடுப்பார்?

இறங்கியதும் செய்தி வந்தது. "நீலச் சட்டை. கதவுக்கு நேரா நிக்கிறேன்."

சிக்கனக் கம்பெனி விமானத்தைக் கோடியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. நடந்து முடிப்பதற்குள் புடவையின் மடிப்பு குலைந்து, நெற்றி வியர்த்துவிட்டது. இடது பக்கம் டாக்ஸி வரிசைக்குப் போகும் வேறொரு வாசல் ஆளில்லாமல் திறந்து கிடந்தது. பாப்பா அதைப் பார்த்தபடியே ஒரு கணம் நின்றாள். பிறகு பெட்டியை நேர்க்கதவை நோக்கி இழுத்தாள்.

தள்ளுவண்டிகளுக்கும் அணைத்துக்கொள்கிறவர்களுக்கும் நடுவே நீலச் சட்டை நின்றிருந்தது. ஒல்லியான, காது கொஞ்சம் பெரிதான மனிதர். கதவைப் பார்க்கவில்லை. கண்களை மூடி, தலையைச் சாய்த்து, கூரையில் ஒலித்துக்கொண்டிருந்த அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா அவருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள்.

அறிவிப்பு முடிந்தது. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நடந்து வந்த இரைப்பு அவள் நெஞ்சில் புஸ்புஸ்ஸென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை அடக்கவில்லை. அவருடைய தலை மெல்ல, கூரையிலிருந்து அவள் பக்கம் திரும்பியது.