முழுத் தரத்தில் ஒரு குழாய்

உலகில் உன்னதமான எதையும் சுருக்க முடியாது. கடலைச் சுருக்க முடியாது, வானத்தைச் சுருக்க முடியாது, கலையைச் சுருக்கவே முடியாது. ஒளிச்சிற்பி இப்படி முழங்கியபோது அவர் முன்னால் கணினித் திரையில் இருந்தது ஒரு கைகழுவும் குழாய்.

ஒளிச்சிற்பி என்பது புகைப்படக்காரரான அவர் தன் விசிட்டிங் கார்டில் தானே போட்டுக்கொண்ட பட்டம். அக்கா வீட்டுக்காரர் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் புதிதாகத் தொடங்கும் வலைத்தளத்தின் முகப்புக்கு ஒரு படம் கேட்டிருந்தார். படம் எடுபட்டால், கடையில் உள்ள அத்தனை சாமான்களையும் படமெடுக்கும் வேலை மைத்துனருக்கே. எடுபடாவிட்டால் கடையின் மூலையில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து வாஷர்களை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும்.

படத்தைச் சேமிக்கும் எக்ஸ்போர்ட் பெட்டி திரையில் திறந்திருந்தது. துணி மடித்துக்கொண்டே மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, வெப்சைட்டுக்குத்தானே? அகலத்தைக் குறைச்சு, தரத்தை எழுபதுக்கு இறக்குங்க. பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. இல்லேன்னா பக்கம் திறக்கறதுக்குள்ள அவங்க தூங்கிடுவாங்க."

"எழுபதா? உன்னை எழுபது சதவீதம் பொண்டாட்டின்னு சொன்னா ஒத்துப்பியா?"

"வேலையும் எழுபது சதவீதம் செஞ்சாப் போதும்னா இப்பவே ஒத்துக்கறேன்."

ஒளிச்சிற்பி தரத்தைக் குறிக்கும் கோட்டில் இருந்த குமிழைப் பிடித்து நூறில் கொண்டுபோய் முட்டினார். அதற்கு மேல் தள்ள இடமில்லையே என்று ஒரு கணம் வருத்தப்பட்டார். அகலத்தைத் தொடவே இல்லை.

"பெரிசாக்கி ஒரு தடவையாவது பாத்துட்டு அனுப்புங்க."

"மலையை யாராவது பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாங்களாடி?"

நாற்காலியைச் சுவர்வரை பின்னுக்குத் தள்ளி, ஒரு கண்ணைப் பாதி மூடி, தூரத்திலிருந்து குழாயை ரசித்தார். தன் திறமையை எண்ணி அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் ஒளிச்சிற்பி கடையில் இருந்தபோது ஒரு கான்ட்ராக்டர் வந்தார். அடுக்குமாடி கட்டுகிறவர், ஒரு கட்டடம் முழுக்கக் குழாய் வாங்கப்போகிறவர். அத்தான் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் வலைத்தளத்தைத் திறந்தார். திரை வெள்ளையாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஒரு கீற்று தெரிந்தது. பிறகு இன்னொரு கீற்று. படம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"என்னங்க, வாஷர் போயிடுச்சா?" என்றார் கான்ட்ராக்டர்.

அத்தான் பல்லைக் கடித்தார். "மாப்ள, இது எப்ப வரும்?"

"நல்ல படம் நிதானமாத்தான் வரும், அத்தான்."

"உன்னை மாதிரியே வளத்திருக்க."

கான்ட்ராக்டர் டீயைக் குடித்து முடித்தார். இன்னொரு டீ வந்தது. அதுவும் தீர்ந்தபோதுதான் குழாய் முழுசாக வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வந்ததுதான். திரை முழுக்கப் பளபளவென்று நின்றது.

"அடேங்கப்பா! கையை நீட்டினா நனைஞ்சிடும் போல இருக்கே!"

அத்தானின் முகம் மலர்ந்தது. ஒளிச்சிற்பியின் தோள்கள் காதுவரை உயர்ந்தன. அத்தோடு விட்டிருக்கலாம்.

"பெரிசாக்கிப் பாருங்க சார்! எவ்வளவு வேணும்னாலும் பெரிசாக்குங்க. ஒரு புள்ளி உடையாது!"

கான்ட்ராக்டர் மவுஸை வாங்கிப் பெரிதாக்கினார். உடையவில்லை. இன்னும் பெரிதாக்கினார். அப்போதும் உடையவில்லை. கண்ணாடிபோல் மின்னிய குழாயின் வளைவில், கேமராவும் கையுமாக ஒரு குட்டி மனிதர் நின்றார்.

"யாருங்க இது, உள்ளே?"

கல்லாவிலிருந்த அக்கா எழுந்து வந்து உற்றுப் பார்த்தாள். "டேய் தம்பி, சட்டை எங்கடா?"

"இல்லக்கா... எங்க வீட்டு பாத்ரூம்லதான் எடுத்தேன். சட்டைக் கோடெல்லாம் குழாய்ல விழுந்துது. கழட்டிட்டேன்."

"பேன்ட்டு?"

"அதோட நிறமும் விழுந்துது."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தான் டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினார். அது கான்ட்ராக்டருக்குக் கீழே இருந்தது. அவர் எழுந்திருப்பதாக இல்லை.

"துண்டு கட்டியிருந்தேன் சார்," என்றார் ஒளிச்சிற்பி, கலையின் மானத்தையாவது காப்பாற்றும் குரலில். "வெள்ளைத் துண்டு. வெள்ளை, குழாய்ல தெரியாது."

"தெரியுதே," என்று கான்ட்ராக்டர் இன்னும் ஒரு சுற்று பெரிதாக்கினார்.

எழுபதுக்கு இறக்கி, அகலத்தையும் குறைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு சாம்பல் புள்ளிதான் இருந்திருக்கும். நூறில் எல்லாமே இருந்தது. அத்தான் மூலைக்குப் போய், ஸ்டூலின் தூசியைத் தட்டினார்.

துண்டில் மஞ்சள் வாத்துகள் இருந்தன. அது குழந்தைகள் துண்டு. இடுப்பைச் சுற்றி முழுசாக வரவில்லை.